தாத்தாவின் பாக்கெட் வாட்சும் அப்பாவின் ஜனதாவும்: பீரோவில் கிடப்பதை எடுத்துக் கட்டிக்கொள்வது எப்படி?

திருச்சி பொன்மலையில் எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில், இரண்டு வாட்சுகள் பதினோரு வருடம் ஓடாமல் கிடந்தன. ஒன்று தாத்தாவின் பாக்கெட் வாட்ச். அவர் ரயில்வேயில் கார்டு. வெள்ளை டயலில் ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தா’ என்று பொடி எழுத்து. ஆறு மணி இருக்கும் இடத்தில் விநாடிக்கென்று ஒரு குட்டி வட்டம். இன்னொன்று அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. பொன்மலைப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தவணையில் வாங்கியது.

நான் 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை யூனிஃபார்மில் குத்திக்கொள்ளும் வாட்ச் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. ஓய்வு பெற்ற மாதம்தான் இந்த இரண்டையும் வெளியே எடுத்தேன். இப்போது இரண்டும் ஓடுகின்றன, இரண்டையும் அணிகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். அதை ஓட வைக்கவும், ஓடியதைப் பயந்து பூட்டி வைக்காமல் தினமும் கட்டிக்கொள்ளவும் நான் கற்றுக்கொண்டதை, செய்த தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

எடுத்தவுடன் சாவி கொடுக்காதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். நானும் செய்தேன். வாட்சுக்குள் சக்கரங்களின் அச்சு முனைகள் சிவப்புக் கல்லில் குடைந்த துளைகளில் சுழல்கின்றன. டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பது அந்தக் கற்களைத்தான். அவை செயற்கை மாணிக்கம். தேயாமல் இருக்க வைப்பது, அழகுக்காக அல்ல. அந்தத் துளையில் கடுகில் பாதி கூட இல்லாத எண்ணெய் இருக்கும். வருடக்கணக்கில் கிடந்தால் அது பிசினாகிவிடும். அந்த நிலையில் ஓட விட்டால் அச்சு தேயும். டிக் டிக் சத்தம் கேட்டதும் மனசு குளிர்ந்துவிடுகிறது. உள்ளே தேய்வது நம் காதுக்குக் கேட்பதில்லை.

அதனால் முதலில் பாருங்கள். கண்ணாடிக்கு உட்பக்கம் மூட்டம் இருக்கிறதா, முள்ளில் துரு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாவி கொடுக்கும் குமிழை, கடைக்காரர்கள் கிரவுன் என்பார்கள், விரல் நுனியால் ஒரே ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். அசையவே இல்லையென்றால் பலம் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

பாக்கெட் வாட்சில் கிரவுனை இழுத்தும் முள் நகரவில்லையே என்று பலர் குறட்டால் பிடித்து இழுத்து உடைத்துவிடுகிறார்கள். எல்லா வாட்சிலும் கிரவுன் வெளியே வராது. சிலவற்றில் கிரவுனுக்குப் பக்கத்தில் ஊசித்தலை அளவு ஒரு பொத்தான் இருக்கும். அதை நகத்தால் அழுத்திக்கொண்டு கிரவுனைத் திருப்பினால் முள் நகரும். அமெரிக்க ரயில்வே வாட்சுகளில் முன் கண்ணாடியைக் கழற்றி, டயல் ஓரத்தில் இருக்கும் ஒரு நெம்புகோலை இழுக்க வேண்டும். பையில் கிடக்கும்போது முள் தானாக நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஓட்டுநர் ஒருவரின் வாட்ச் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு வெப் பால் என்ற வாட்ச் வணிகர் ரயில்வேக்காக விதிமுறைகளை வகுத்தார். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் முந்தவோ பின்தங்கவோ கூடாது என்பது அதில் ஒன்று. தாத்தா வாட்சை ஏன் தன் மூக்குக் கண்ணாடியைவிடப் பத்திரமாக வைத்திருந்தார் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இன்னொரு எச்சரிக்கை, இதை நர்ஸாகவே சொல்கிறேன். 1960களுக்கு முந்தைய வாட்சில் எண்களிலோ முள்ளிலோ பழுப்பேறிய, மாவு போன்ற பூச்சு இருந்தால், அது இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள். ஒளி தரும் துத்தநாகக் கலவை கெட்டுப்போயிருக்கும்; ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்தப் பூச்சைத் தடவிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி, தாடை எலும்பு அழிந்து இறந்திருக்கிறார்கள். மூடியிருக்கும் வாட்சை நீங்கள் வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கடையில் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பது

தாத்தா வாட்சை நான் முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள், ஓடியது. ஆனால் ஒரு நாளைக்கு 20 நிமிடம் முன்னால் ஓடியது. பிறகுதான் தெரிந்தது, வாட்சைப் பிரிக்கவே இல்லை; திறந்து எண்ணெய் விட்டு மூடியிருக்கிறார்கள். முடியைப் போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் அந்த எண்ணெய் பட்டு, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடியிருக்கிறது.

அதைச் சரிசெய்தவர் பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் பாய். ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போட மட்டுமே இடம் உள்ள கடை. கண்ணில் லூப் என்ற குட்டிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், இது ஓடுது. ஆனா நல்லா இல்ல. ரெண்டு வாரம் விட்டுட்டுப் போங்க,” என்றார். ரெண்டு வாரம் என்று சொன்னதே எனக்கு நம்பிக்கை தந்தது. நன்றாகச் செய்கிறவர் அவசரமாக வாங்கி அவசரமாகத் தரமாட்டார்.

கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். முழுக்கப் பிரித்துக் கழுவிப் பூட்டுவீர்களா, அல்லது எண்ணெய் மட்டும் விடுவீர்களா? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? டயலைத் தொடுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். டயலைப் புதிதாக அச்சடித்துப் பளபளவென்று தருகிறேன் என்று சிலர் அன்பாகவே சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாத்தா வாட்சின் டயல் எனாமல், அதாவது உலோகத்தின் மேல் சுட்ட பீங்கான் பூச்சு. அதில் நான்கு மணிக்குப் பக்கத்தில் முடிபோல ஒரு விரிசல் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

நன்றாகச் சர்வீஸ் செய்த வாட்சை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுத்தால் போதும்.

சாவி கொடுப்பது

தினமும் ஒரே நேரம். நான் காலை ஏழு மணிக்குக் கொடுக்கிறேன். ட்யூட்டி மாறும் நேரம் அது, உடம்பில் ஊறிப்போனது. முழுச் சாவி கொடுத்தால் இந்த வாட்சுகள் ஒன்றரை நாள் தாங்கும், ஆனால் ஸ்பிரிங் தளரத் தளர நேரம் பிசகும். காலையில் கொடுப்பதால் கையில் கட்டியிருக்கும் நேரமெல்லாம் வாட்ச் பலமாக இருக்கும். கை ஆட்டத்தையும் அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்ளும்.

கையில் கட்டியபடி சாவி கொடுக்காதீர்கள். கோணலாக இழுபட்டு, கிரவுன் பூட்டியிருக்கும் தண்டு வளையும். கழற்றி இடது உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். எண்ணிக்கை வாட்சுக்கு வாட்ச் மாறும். அப்பாவுடையது 30 திருகுக்குப் பக்கத்தில் கெட்டிப்படுகிறது. அந்தக் கெட்டித்தன்மையை விரல் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். அங்கே நிறுத்துங்கள். தேதி காட்டும் வாட்சாக இருந்தால் இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் கடிபட்டிருக்கும், முறிந்துவிடும்.

மூடி போட்ட பாக்கெட் வாட்ச் வைத்திருப்பவர்கள் மூடியை ‘டப்’பென்று அடித்து மூடக் கூடாது. பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும், ஆனால் கொக்கி தேய்ந்து சில வருடத்தில் மூடி நிற்காது. கிரவுனை அழுத்திக்கொண்டு மூடியைச் சாத்தி, பிறகு கிரவுனை விடுங்கள்.

வாட்சுக்கு ஒரு சார்ட்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வார்டில் ஒவ்வொரு கட்டில் முனையிலும் சார்ட் தொங்கும்; காய்ச்சல் 101 என்ற ஒரு எண்ணைவிட, மூன்று நாளாக அது போகும் போக்குதான் நோயைச் சொல்லும். வாட்சும் அப்படியே.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் ‘பீப்’ ஒலிக்கு வாட்சைச் சரிபார்ப்பார். இப்போது செல்போன் நேரம் போதும். முதல் நாள் சரியாக வைத்த பிறகு முள்ளைத் தொடாதீர்கள். சில பழைய வாட்சுகளில் கிரவுனை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது; விநாடியைப் பொருத்த மல்லுக்கட்ட வேண்டாம், வித்தியாசத்தை எழுதிக்கொண்டால் போதும். தினமும் காலை சாவி கொடுக்கும் முன் எத்தனை விநாடி முன்னால், எத்தனை விநாடி பின்னால் என்று எழுதுங்கள். ஏழு நாள்.

ஒரு நாளில் 86,400 விநாடிகள். ஜனதாவின் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை தட்டுகிறது. ஒரு நாளைக்கு 4,32,000 தட்டு. இப்படித் தட்டும் ஒரு பழைய வாட்ச் நாளைக்கு 30 விநாடி பிசகினால், அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் மூன்றில் ஒன்று. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து 30 விநாடிக்காக நான் எந்த வாட்சையும் குறை சொல்வதில்லை.

சார்ட்டை எப்படிப் படிப்பது? தினமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ போனால் வாட்ச் ஆரோக்கியமாக இருக்கிறது. உள்ளே நேரம் திருத்தும் ஒரு சிறு நெம்பை நகர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் அதைப் பாய் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். ஒரு நாள் 10 விநாடி முன்னால், மறுநாள் 40 பின்னால் என்று துள்ளினால் அழுக்கு சேர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் காய்ந்திருக்கிறது. தினமும் ஒரே மணியில் நின்றால், முட்கள் ஒன்றையொன்று உரசுகின்றனவா, சக்கரத்தில் பல் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் முன்னால் ஓடினால், அநேகமாகக் காந்தம் ஏறியிருக்கிறது. என் ஜனதாவுக்கு அப்படி ஆனது. ராத்திரியில் அதை புளூடூத் ஸ்பீக்கர் மேல் வைத்திருந்தேன். பள்ளிக்கூடக் காந்த ஊசி ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனேன், ஊசி வாட்சைப் பார்த்துத் திரும்பியது. கடையில் காந்தத்தை நீக்கும் ஒரு பெட்டியின் மேல் வைத்து எடுத்தார் பாய், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. காந்த மூடி போட்ட செல்போன் உறை, கைப்பையின் காந்தப் பொத்தான், இவற்றிலிருந்தும் வாட்சைத் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது வாரம் இன்னொன்று செய்து பாருங்கள். ராத்திரி எந்தப் பக்கமாகப் படுக்க வைக்கிறீர்கள் என்பதை மாற்றுங்கள். அப்பாவின் வாட்சை டயல் மேலே பார்க்கும்படி வைத்தால் விடிவதற்குள் 9 விநாடி ஏறுகிறது. கிரவுன் மேலே இருக்கும்படி பக்கவாட்டில் நிறுத்தினால் 6 விநாடி இறங்குகிறது. உங்களுடையது வேறு மாதிரி இருக்கலாம். எது எப்படி என்று தெரிந்துவிட்டால், பகலில் ஏறியதை ராத்திரியில் இறக்கிக்கொள்ளலாம். கருவி எதுவும் வேண்டாம், வாட்சைத் திறக்கவும் வேண்டாம். பாக்கெட் வாட்ச் மட்டும் வேறு. அது பகலெல்லாம் பையில் நின்றபடி இருப்பது. ராத்திரியும் நின்றபடியே இருக்க வேண்டும். தாத்தா சுவரில் ஓர் ஆணி அடித்து, பின்னால் வெல்வெட் துணி ஒட்டித் தொங்கவிடுவார். அந்த ஆணி இன்னும் இருக்கிறது, வாட்சும் திரும்ப அங்கேயே தொங்குகிறது.

எப்படி அணிவது

பாக்கெட் வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தால் விழும். செயின் கட்டாயம். ஒரு முனையில் குறுக்குக் கம்பி வைத்த செயின் வாங்கி, அந்தக் கம்பியைச் சட்டையின் பொத்தான் துளைக்குள் நுழைத்துவிடுங்கள். ஜீன்ஸ் போடும் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். வலது பக்கப் பைக்குள் ஒரு குட்டிப் பை இருக்கிறதே, அது பாக்கெட் வாட்சுக்காகவே வைத்தது. என் அண்ணன் மகன் சில்லறையைப் போட்டு வைத்திருந்தான். நான் சொன்ன பிறகு தாத்தாவின் வாட்சை ஒரு கல்யாணத்துக்கு அதில் வைத்துப் போனான். செயினைப் பெல்ட் வளையத்தில் மாட்டியிருந்தான், பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. அந்தப் பையில் சாவி, நாணயம், போன் எதுவும் கூட இருக்கக் கூடாது.

புடவைக்கு நான் செய்வது இது: செயினை நீளமாக விட்டு, குறுக்குக் கம்பி முனையைத் தோள் பின்னுக்குள் செருகி, வாட்சை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். பருத்திப் புடவைக்கு நன்றாக நிற்கும். பட்டில் வழுக்கும், அதற்கு ஒரு சின்னச் சுருக்குப்பை தைத்திருக்கிறேன்.

கைக்கடிகாரத்தில் என் கவலையெல்லாம் வியர்வை. சித்திரை வைகாசியில் திருச்சியில் தோல் வார் ஒரே மாதத்தில் விறைத்து நாறிவிடும். கோடைக்குக் கேன்வாஸ் வார் போடுங்கள். ஒரே துண்டாக வாட்சின் அடியில் ஓடும் வகை. வாரைப் பிடிக்கும் பின் ஒன்று கழன்றாலும் வாட்ச் கீழே விழாது, வியர்வையும் பின்மூடியை நேராகத் தொடாது, துவைத்துக் காயப்போடலாம். தோல் வாரை மழைக்காலம் முடிந்து, மார்கழி தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் வாட்சில் வார் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து போங்கள். கண் அளவு ஏமாற்றும். கண்ணாடி வளையல் ஒரு கை, வாட்ச் இன்னொரு கை.

டயலை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துக் கட்டுவது எங்கள் காலத்துப் பெண்களின் வழக்கம். பழைய பாணி என்று விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, குழந்தையைத் தூக்கியபடி நேரம் பார்க்க அதைவிட வசதி கிடையாது. டயலும் சுவரில் உரசாது.

குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றிவிடுங்கள். பழைய வாட்சில் நீர்த்தடை என்று எழுதியிருந்தாலும் உள்ளே ரப்பர் வளையம் எப்போதோ இறுகியிருக்கும். புதிய வாட்சில் ‘30 மீட்டர்’ என்று இருப்பதும் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்ற அர்த்தம்தான். உள்ளே ஆவி கட்டினால் அரிசி டப்பாவில் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போங்கள்; எஃகுப் பாகங்களில் துரு பிடிக்க இரண்டு நாள் போதும்.

ஜனதா போன்றவற்றில் மேலே இருப்பது பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கீறல் விழுந்தால் மெல்லிய பருத்தித் துணியில் துளி வெள்ளைப் பற்பசை வைத்து, உலோகப் பகுதியைச் செல்லோடேப்பால் மூடிவிட்டு, வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்தால் தெளிந்துவிடும். உண்மையான கண்ணாடிக்கு இது பலிக்காது.

நர்ஸ் வாட்சும் பேட்டரியும்

என் யூனிஃபார்ம் வாட்சில் டயல் தலைகீழாக இருக்கும். நெஞ்சில் தொங்குவதைக் கீழே குனிந்து பார்த்தால் நமக்கு நேராகத் தெரியும். மணிக்கட்டில் கட்டினால் கை கழுவுவது முழுமையாகாது என்பதால் வார்டில் இதுதான். நாடியை எண்ண விநாடி முள் வேண்டும் என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஒரு நிமிடம் மட்டும் ஓடி நிற்கும் வாட்சைச் செய்ய வைத்து, 1707இல் அதைப் பற்றி எழுதினார். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குவோம். துடிப்பு தப்பினால் முழு நிமிடம் எண்ணுவோம். அதற்காக ஒரு விநாடி முள்ளை நான் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ.

அது பேட்டரி வாட்ச். உள்ளே ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனால் மாதத்துக்குச் சில விநாடிதான் பிசகும். இதற்குப் பராமரிப்பு ஒன்றே ஒன்று: நின்றுபோன வாட்சில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். கசிந்து உள்ளே அரித்துவிடும்.

வீட்டில் பழையது இல்லாதவர்களுக்கு

எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து பேட்டரி வாட்சுகளைக் கொண்டுவந்த பிறகு சாவி வாட்ச் மெல்ல ஒதுங்கியது. எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட 2016இல் முடிவாயிற்று. அதனால் இப்போது ‘பழைய ஸ்டாக், புத்தம் புதுசு’ என்று விற்பவற்றைக் கூர்ந்து பாருங்கள். எழுத்தின் ஓரம் கலங்கியிருந்தாலோ, நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காவிட்டாலோ, கிளிப்பச்சை, ரோஸ் என்று டயல் மின்னினாலோ, அது மறுபடி அச்சடித்தது. பின்மூடியைத் திறந்த படம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். நல்ல நிலையில் ஒரு சாதாரண ஜனதா, பூசிப் பளபளக்கும் அபூர்வ மாடலைவிட எப்போதும் மேல்.

கடைசியாக ஒரு வேலை. வாட்ச் வைக்கும் டப்பாவில் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். ஜனதாவின் டப்பாவில் நான் எழுதியிருப்பது: ‘அப்பாவுடையது. காலை ஏழு மணிக்குச் சாவி, 30 திருகு. டயல் மேலே வைத்தால் ஏறும், கிரவுன் மேலே நிறுத்தினால் இறங்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதே.’ அதன் கீழே கடைசி சர்வீஸ் தேதி, பாயின் கடைக்கு வழி. அதற்கும் கீழே, அடுத்த சர்வீஸ் தேதிகளை எழுத இடம் விட்டிருக்கிறேன்.